முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்டால் யார் பேசுவார்கள்?

கேள்வி: வேலூர் மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கான திட்டத்தை ஏப்ரல் இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்கிறார் எங்கள் துணைவேந்தர். ஓர் ஆலோசனை நிறுவனம் ஆங்கிலத்தில் வரைவு எழுதிக் கொடுத்துவிட்டது. "எல்லோரிடமும் கருத்துக் கேட்டோம் என்று இருக்க வேண்டும்" என்று அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கலையரங்கில் ஒரு கூட்டம் நடத்தினோம். வகுப்பிலிருந்து மாணவர்களை அழைத்து வந்து உட்கார வைத்தோம். மூத்த பேராசிரியர் ஒருவர் நெடுநேரம் பேசினார். மாணவர்களில் இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள், அதுவும் நாங்கள் சொல்லிக் கொடுத்தது. கூகுள் படிவம் அனுப்பியதற்கு வந்த பதில்கள் குறைவு. அவற்றிலும் பாதிக்கு மேல் பஸ், கழிப்பறை, கேன்டீன் பற்றிய புகார்கள். "போன திட்டத்துல எழுதினதையே இன்னும் செய்யல, இது எதுக்கு மேடம்?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். மூன்று வருடத்தில் படிப்பை முடித்துப் போய்விடும் மாணவர்களிடம் பதினைந்து வருடத்தைப் பற்றிக் கேட்பதில் அர்த்தம் உண்டா? எல்லோரையும் உண்மையாகப் பங்கேற்க வைப்பது எப்படி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காட்பாடி

பதில்: உங்கள் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களை நான் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வரைவு தயாராகிவிட்டது, முடிக்கும் தேதி குறித்தாகிவிட்டது, யார் எவ்வளவு நேரம் பேசுவது என்பதுகூட ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு பெண்ணைக் கூப்பிட்டு "மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் அவள் தலையைத்தான் ஆட்டுவாள். உயர்கல்வி நிறுவனங்களின் திட்டமிடலில் பல காலமாக வேலை செய்து வருகிறேன். பங்கேற்பு தேங்கிப்போன இடங்களில் நான் பெரும்பாலும் பார்த்த காரணம் இதுதான்: கேட்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்பது கேட்கப்படுபவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் எப்படிப் பங்கேற்க வைப்பது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் துணைவேந்தரைத் தனியாகப் பார்த்து, இந்தத் திட்டத்தில் இன்னும் முடிவாகாதது எது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கடன் வாங்கி அஸ்திவாரம் போட்டாகிவிட்ட கட்டடம் போன்றவற்றில் இனி மாற்றம் இல்லை. அவற்றை அப்படியே சொல்லிவிடலாம். பணியிட அனுமதி, இடஒதுக்கீடு, பாடத்திட்டத்தின் பொதுவான வரையறை போன்றவை அரசும் பல்கலைக்கழக மானியக் குழுவும் முடிவு செய்பவை, அதையும் சொல்லிவிடலாம். மிச்சம் இருப்பதுதான் உங்கள் மேசைக்கு வர வேண்டியது: புதிய படிப்புகள் எவை, விடுதி கட்டுவதா அல்லது பஸ் வசதிக்குப் பணம் ஒதுக்குவதா, ஆய்வகத்தையும் நூலகத்தையும் எத்தனை மணி வரை திறந்து வைப்பது, எந்தத் துறையைப் பெரிதாக்குவது, எதை அப்படியே விடுவது. இந்தப் பக்கத்தின் கீழே துணைவேந்தர் கையெழுத்துப் போட வேண்டும். சொல்லப்படும் கருத்துகளுக்கு எந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எதுவுமே திறந்திருக்கவில்லை, எல்லாம் முடிவாகிவிட்டது என்று அவர் சொல்லிவிட்டால்? அப்போது "கருத்துக்கேட்பு" என்ற பெயரைப் போடாதீர்கள். விளக்கக் கூட்டம் என்று போடுங்கள், திட்டத்தை விளக்குங்கள், சந்தேகங்களுக்குப் பதில் சொல்லுங்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே கருத்துக் கேட்பது மனிதர்களை அவமதிப்பது. அடுத்த முறை உண்மையாகவே கேட்கும்போது ஒருவரும் வரமாட்டார்கள். உங்கள் நிறுவனத்தில் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓர் உதவிப் பேராசிரியர் துணைவேந்தரிடம் போய் இப்படிக் கேட்க முடியுமா என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் கைக்கு ஒரு பிடி இருக்கிறது. ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் எழுத வேண்டிய நிறுவன வளர்ச்சித் திட்டத்தை நிர்வாகக் குழுவினர், தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், பணியாளர்கள் எல்லோரும் சேர்ந்து தயாரிக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. அந்தத் திட்டங்களுக்கான வழிகாட்டுதலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2024-ல் வெளியிட்டது. அந்தக் கொள்கையின் பல பகுதிகளோடு தமிழ்நாட்டுக்கு உள்ள கருத்து வேறுபாடு ஊரறிந்தது. ஆனால் இந்த ஒரு வரியோடு யாரும் சண்டை போடத் தேவையில்லை. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் ஆளுகை, தலைமை, மேலாண்மை என்று தனியாக ஓர் அளவுகோல் உண்டு. நீண்டகாலத் திட்டம் எப்படி நடைமுறைக்கு வந்தது என்று அங்கே கேட்பார்கள். துணைவேந்தருக்கு இது புரியும். ஒரு எச்சரிக்கை: நாக் கோப்புக்குப் போட்டோவும் கையெழுத்துத் தாளும் வேண்டும் என்பதற்காகத்தான் பல இடங்களில் இந்தக் கூட்டங்களைக் கலையரங்கில் மேடை போட்டு நடத்துகிறார்கள். போட்டோ எடுக்கட்டும். கூட்டம் எந்த வடிவத்தில் நடக்க வேண்டும் என்பதைப் போட்டோ முடிவு செய்யக்கூடாது.

அடுத்தது தேதி. ஏப்ரலில் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று நீங்களே அறிவீர்கள். செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம், விடுதி காலியாவது, எல்லாவற்றுக்கும் மேலே வேலூர் வெயில். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் இதற்கு ஏற்ற காலம். புதிதாகச் சேர்ந்தவர்களும் இருப்பார்கள், பழையவர்களும் தேர்வுப் பதற்றம் இல்லாமல் இருப்பார்கள். ஏப்ரலில் ஆட்சிக்குழுவுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இப்போதுள்ள வரைவை "இடைக்கால வரைவு" என்று பெயரிட்டுக் கொடுக்கலாம். பதினைந்து வருடத் திட்டத்துக்கு ஐந்து மாதம் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

கிடைத்த ஐந்து மாதத்தில் முதலில் செய்ய வேண்டியதை உங்கள் சக ஆசிரியர்களே சொல்லிவிட்டார்கள். போன திட்டத்தை எடுங்கள். அதில் சொன்னவை ஒவ்வொன்றுக்கும் நேராக நடந்தது, பாதி நடந்தது, நடக்கவில்லை என்று எழுதி, நடக்காததற்கு உண்மையான காரணத்தையும் போடுங்கள். பணம் வரவில்லை என்றால் பணம் வரவில்லை. ஆள் மாறிவிட்டார் என்றால் ஆள் மாறிவிட்டார். அதைத் தமிழில் இரண்டு பக்கமாக்கி எல்லாத் துறை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். இதற்கு நிர்வாகம் தயங்கும். ஆனால் புதிய திட்டத்தைப் பற்றி யாராவது உங்களோடு மனம்விட்டுப் பேச வேண்டும் என்றால் இதைவிட நல்ல அழைப்பிதழ் வேறு இல்லை.

இப்போது உங்களைச் சலிப்படைய வைத்த அந்தப் பதில்களுக்கு வருவோம். பஸ், கழிப்பறை, கேன்டீன். திட்டக் குழுக்கள் இவற்றை "சில்லறைக் குறைகள்" என்று ஒதுக்கி, எஸ்டேட் அலுவலருக்கு அனுப்பிவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். எனக்கு இதில் கோபமே வரும். உங்களுக்கு வந்த பதில்களிலேயே விலை மதிப்புள்ளவை இவைதான்.

பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. குடியாத்தம் பக்கத்திலிருந்தோ ஆற்காடு பக்கத்திலிருந்தோ வரும் ஒரு மாணவி, வேறு பஸ் காலியாகவே போனாலும் அதை விட்டுவிட்டு இந்த பஸ்ஸுக்காக நிற்பாள். அந்த வண்டி சாயங்காலம் கடைசியாக எத்தனை மணிக்குப் போகிறதோ, அதுதான் அவளுடைய பல்கலைக்கழகம் மூடும் நேரம். நீங்கள் நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைத்தாலும் அவளுக்கு அது நாலரைக்கே பூட்டிய நூலகம். ஜோலார்பேட்டையிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் ரயிலில் காட்பாடிக்கு வந்து இறங்கும் பையன்களின் கதையும் இதேதான். உங்கள் வரைவில் "ஆய்வுப் பண்பாட்டை வளர்த்தல்" என்று ஒரு அத்தியாயம் கட்டாயம் இருக்கும், எல்லா வரைவிலும் இருக்கிறது. மாலையில் ஆய்வகத்தில் இருக்கக்கூடியவர்கள் யார் என்று கணக்கெடுங்கள். விடுதி மாணவர்கள், வண்டி வைத்திருக்கிறவர்கள், வேலூர் டவுனுக்குள்ளேயே வீடு உள்ளவர்கள். அப்படியானால் அந்த அத்தியாயம் யாருக்காக எழுதப்பட்டது? பஸ் புகாரைச் சரியாகப் படித்தால் அது ஒரு பெரிய மூலதன முடிவில் கொண்டுபோய் விடும்: புதிய பெண்கள் விடுதியா, போக்குவரத்துக் கழகத்தோடு பேசி வாங்கும் கூடுதல் சேவையா, அல்லது ஆய்வக வேலை நேரத்தைக் காலைக்கு மாற்றுவதா? பதினைந்து வருடத் திட்டம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

கழிப்பறையும் அப்படித்தான். தண்ணீர் இல்லாத கழிப்பறை என்றால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகப் பல மாடிக் கட்டடம் ஒன்றுக்கான வரைபடம் வரை போய்விட்டது. அங்கே குழாய் வேலை பார்த்த ஊழியர் ஒருவரிடம் தற்செயலாகப் பேசியபோதுதான், வளாகத்தின் எந்தப் போர்வெல் எந்த மாதத்தில் வற்றுகிறது, எங்கே லாரித் தண்ணீர் இறங்குகிறது என்பதெல்லாம் வெளியே வந்தது. வருடக்கணக்காக அவர் அதை மனதிலேயே வைத்திருந்தார், ஒருவரும் கேட்டதில்லை. கட்டடத்தின் இடத்தையே மாற்ற வேண்டி வந்தது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் மணலாகக் கிடக்கும் பாலாற்றின் கரையில் இருக்கிற நாம், தண்ணீர் தெரிந்த ஊழியரைக் கேட்காமல் பதினைந்து வருடத்துக்குத் திட்டம் போடுவது எப்படி?

மூன்று வருடத்தில் போய்விடுகிறவர்களிடம் ஏன் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, நேர்மையான கேள்வி. பத்தொன்பது வயதுப் பையனிடம் "2040-ல் நம் பல்கலைக்கழகம் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டால் "உலகத் தரத்தில் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போவான். தப்பு அவன் மீது இல்லை. அவனுக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேளுங்கள். இங்கே சேரும் முன் வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தாய்? வீட்டில் யார் வேண்டாம் என்றார்கள், என்ன காரணம் சொன்னார்கள்? பிளஸ் டூவில் உன்னோடு படித்தவர்களில் கல்லூரிக்கே போகாதவர்கள் யார், இப்போது என்ன செய்கிறார்கள்? முதல் செமஸ்டரில் விட்டுப் போய்விடலாம் என்று எப்போது தோன்றியது? உன் தங்கையை இங்கே சேர்ப்பாயா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதி வையுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், இனி மாணவர்கள் தாமாக வந்து சேர்வார்கள் என்று எந்தப் பல்கலைக்கழகமும் நம்பி உட்கார முடியாது. பத்து வருடம் கழித்து உங்களிடம் முதலாமாண்டில் சேரப்போகிற பிள்ளை இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், மக்கள்தொகை குறையாமல் இருக்க வேண்டிய அளவு 2.1. இன்னொரு பக்கம், உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். ஆக, பிள்ளைகளின் எண்ணிக்கை குறையப்போகிறது, படிக்க வருகிறவர்களின் விகிதம் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது. புதிதாக வரக்கூடியவர்கள் இதுவரை வராதவர்கள்தான்: ஜவ்வாது மலைப் பிள்ளைகள், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்ட பெண்கள், பிளஸ் டூ முடித்ததும் குடும்பத்துக்காக வேலைக்குப் போன பையன்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்பது உங்கள் ஆலோசனை நிறுவனத்துக்குத் தெரியாது. அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த உங்கள் முதலாமாண்டு மாணவருக்குத் தெரியும். மூன்று வருடத்தில் அவர் போய்விடலாம், அவர் சொன்னது உங்களிடம் இருக்கும்.

சரி, எப்படி உட்கார வைத்துப் பேசுவது? கலையரங்கை மறந்துவிடுங்கள். எட்டு பேர், பத்து பேர், அதற்கு மேல் வேண்டாம். ஒரே மாதிரி நிலையில் உள்ளவர்கள் ஒன்றாக இருக்கட்டும். தினமும் வந்து போகும் மாணவிகள் ஒரு குழு, விடுதி மாணவர்கள் ஒரு குழு, அலுவலகப் பணியாளர்கள், ஆய்வக உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் தனித்தனியாக. கௌரவ விரிவுரையாளர்களைத் துறைத்தலைவர் இருக்கும் அறையில் வைத்துப் பேசச் சொல்லாதீர்கள். ஒப்பந்தம் அடுத்த வருடம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையோடு இருப்பவர் அங்கே என்ன பேசிவிட முடியும்? பேச்சை நடத்துபவர் அந்தக் குழுவுக்கு மார்க் போடுபவராகவோ சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவராகவோ இருக்கக்கூடாது. பெயர் எழுதிக்கொள்ள வேண்டாம். சொன்னது யார் என்பதைவிடச் சொன்னது என்ன என்பதே உங்களுக்குத் தேவை.

மொழி தமிழாக இருக்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் உருது, ஆந்திர எல்லையோரப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு. அவர்கள் நடுவில் அந்த மொழியிலேயே பேசிக்கொண்டால் பேசட்டும், ஒருவர் குறிப்பெடுத்துக்கொள்ளட்டும்.  கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். வரைவின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் நான்கு பக்கமாக்கி ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ஆங்கில வரைவை வைத்துக்கொண்டு ஓர் அலுவலக உதவியாளரிடம் கருத்துக் கேட்பது நியாயமே இல்லை.

சின்னக் குழு என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்குவதாக முதலில் அறிவித்தார்கள். பிறகுதான் கிராம சபைகளைக் கூட்டினார்கள். கூட்டத்தைத் துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்து, பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் உட்கார்ந்து பேச்சை நடத்தினார். ஊர்ப் பெரியவர் ஒருவரே மைக்கைப் பிடித்துக்கொள்ளாமல் மற்றவர்களும் பேச அது வழி செய்தது. பணம் இருக்கிறது, அது நம் பேச்சைப் பொறுத்துப் போகும் என்று தெரிந்ததால்தான் மக்கள் வந்தார்கள் என்பது என் கருத்து. உங்கள் நிர்வாகமும் ஒரு சிறு தொகையையாவது, "இதை எதற்குச் செலவிடுவது என்பதை இந்தக் குழுக்கள் சொல்லட்டும்" என்று விட்டுக்கொடுத்தால் கூட்டத்தின் குணமே மாறும்.

பேச்சை நடத்தப் பயிற்சி உள்ளவர்களுக்கு எங்கே போவது என்றால், உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கே.வி.குப்பம் வட்டாரத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) ஊரக நலப் பிரிவான ருஹ்சா 1977 முதல் கிராமங்களில் வேலை செய்து வருகிறது. கிராமத்துப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து அவர்கள் பேசும்வரை காத்திருப்பது எப்படி என்று இதுபோன்ற களப்பணியாளர்களுக்குத் தெரியும். உங்கள் குழுவினருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

குழுவில் எல்லோரும் எல்லாமும் வேண்டும் என்பார்கள். அப்போது புளியங்கொட்டையை எடுங்கள். ஊரக மதிப்பீட்டு வேலைகளில் பல காலமாகப் பயன்படும் முறை இது. ஆளுக்கு இருபது கொட்டை. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு விடுதி, பஸ், ஆய்வகக் கருவி, நூலக நேரம், நிரந்தர ஆசிரியர் நியமனம், தண்ணீர் என்று எழுதுங்கள். எது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு கொட்டை வைக்கச் சொல்லுங்கள். எங்கே எவ்வளவு சேர்ந்தது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். "ஏன் விடுதிக்கு ஒன்றுகூட வைக்கவில்லை?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்கும்போது நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, குறிப்பெடுக்க வேண்டியது அதைத்தான். பேராசிரியர்கள் கட்டத்தையும் துப்புரவுப் பணியாளர்கள் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆட்சிக்குழுவுக்குக் காட்டுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டுவிடாதீர்கள், அந்த வித்தியாசம்தான் செய்தி.

இன்னொரு விஷயம், இது ஆசிரியர்கள் குழுக்களுக்கு. திட்டம் எழுதுகிறவர்கள் எதிர்காலம் இன்றுபோலவே இருக்கும், கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். வடாற்காட்டுக்காரர்கள் அப்படி நினைக்கவே கூடாது. 1989-ல் வேலூரை உள்ளடக்கிய வடாற்காடு மாவட்டமே இரண்டானது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கியபோது விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கல்லூரிகளும் அதன் கீழ் இருந்தன. பிறகு அவை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் போய்விட்டன. தேர்வுக் கட்டணத்தையும் இணைப்புக் கட்டணத்தையும் நம்பி நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லை மாறுவது என்றால் வருமானமே மாறுவது. 2024 செப்டம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். தோலும் ஷூவும் முக்கிய வேலையாக இருந்த பகுதியில் அது படிப்புத் தேர்வை எப்படி மாற்றும்? மாணவர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் எந்தத் துறை நிற்கும்? இரண்டு மூன்று "இப்படி ஆகிவிட்டால்?" கேள்விகளைக் கொடுத்து, ஒவ்வொரு நிலைமையிலும் எது தாக்குப்பிடிக்கும் என்று பேசச் சொல்லுங்கள். எந்த நிலைமையிலும் பயன்படும் முடிவுகளைத் திட்டத்தின் முன்னால் வையுங்கள்.

வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். தொழில்துறை பிரதிநிதி என்றால் உடனே முதலாளிகளைத்தான் கூப்பிடுகிறார்கள். ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் பழைய மாணவியைக் கூப்பிடுங்கள். நீங்கள் வேதியியல் ஆசிரியர், தோல் கழிவு பாலாற்றுக்கு என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிரச்சினையை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது வேலூர் குடிமக்கள் நல மன்றம். தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் தீர்ப்பு வந்தது அந்த வழக்கில்தான். இந்த மண்ணில் ஆராய்ச்சிக்கு எது தலைப்பாக வேண்டும் என்று சுற்றுவட்டார விவசாயிகளைக் கேட்டால் நிதானமாகவே சொல்வார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு வரும் வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். குழுக்களில் சொல்லப்பட்டவற்றைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்றுக்கொண்டோம், மாற்றி ஏற்றோம், ஏற்கவில்லை என்று காரணத்தோடு பதில் எழுதி, சொன்ன தேதியில் ஒட்ட வேண்டும். ஏற்கவில்லை என்ற பதில்தான் கவனமாக எழுத வேண்டியது. "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு இடத்தில்கூட எழுதாதீர்கள். முடியாது என்றால் முடியாது, இன்ன காரணம் என்று சொன்னால் மனிதர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், அல்லது வாதாடுகிறார்கள். இரண்டுமே பங்கேற்புதான்.

துணைவேந்தர் பதவி மூன்று வருடமோ ஐந்து வருடமோதான். பதினைந்து வருடத் திட்டம் பல துணைவேந்தர்களைப் பார்க்கும். வருகிறவர் ஒவ்வொருவரும் முந்தைய திட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்காமல் இருக்க வேண்டும் என்றால், அது எல்லோருக்கும் தெரிந்த திட்டமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது, வரவு செலவு அங்கே வாசிக்கப்படுகிறது, தீர்மானம் பதிவாகிறது. உங்கள் மாணவர்களில் பலருக்கு அது பழகிய விஷயம். வருடத்தில் ஒரு நாளைக் குறித்து, திட்டத்தில் இந்த வருடம் சொன்னது என்ன, நடந்தது என்ன, செலவு எவ்வளவு என்று பதிவாளர் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என ஆட்சிக்குழுவில் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். தீர்மானமாக இருந்தால் அடுத்து வருபவர் அதை ரத்து செய்யவும் இன்னொரு தீர்மானம் வேண்டும்.

உங்கள் தனிப்பட்ட நிலைமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலையை வகுப்பு நேரத்துக்கு மேலே கூடுதல் சுமையாக ஏற்காதீர்கள். பாட நேரத்தில் குறைப்பு, ஓர் அலுவலக உதவியாளர், குறிப்பெடுக்கும் முதுகலை மாணவர்களுக்குச் சிறு ஊதியம் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் நிர்வாகம் இதை எவ்வளவு முக்கியமாக நினைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். துணைவேந்தரைப் பார்க்கப் போகும் முன் அந்த ஒரு பக்கக் குறிப்பை எழுதி எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்கிறேன்.